ஸ்கேன் அறைக்குள் கட்சிக்கொடி!

ராத்திரி பத்தரை மணி. எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் இருக்கும் மாமி கதவைத் தட்டினார். கையில் செல்போன். அழுது அழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ ஹெல்த் பத்தி எழுதறவதானே... இதுக்கு ஒரு பதில் சொல்லு. டல்லாஸ்ல இருக்காளே என் பொண்ணு, அவளுக்கு அஞ்சாம் மாசம் பொறக்கப் போறது. நேத்து ஸ்கேன் எடுத்திருக்கா. குழந்தைக்கு மண்டை ஓடே சரியா உருவாகலையாம். பொறந்தாலும் பிழைக்காதாம். சரி, அடுத்து என்ன பண்றதுன்னு கேட்டா, அந்த டாக்டர் வாயையே திறக்கலையாம். 'இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது'ங்கறாளாம். டாக்டர்னா சொல்ல வேண்டாமா? பேருதான் அமெரிக்கா!"

மாமி சொன்ன கோளாறுக்கு அனென்செஃபலி என்று பெயர். கரு உருவான முதல் மாதத்திலேயே, மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் வளரவேண்டிய குழாய் மேல்பக்கம் மூடாமல் நின்றுவிடுவதால் வருவது. பிறந்தாலும் சில மணி நேரம், மிஞ்சிப் போனால் சில நாட்கள். (வந்த இடத்தில் ஒரு வார்த்தை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தால் இந்த வகைக் கோளாறுகள் வெகுவாகக் குறைகின்றன. வீட்டில் புதுமணத் தம்பதி இருந்தால், டாக்டரிடம் கேட்டு இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.)

சரி, அந்த டல்லாஸ் டாக்டர் ஏன் பேசவில்லை? பயம்! டெக்ஸாஸ் மாநிலத்தில் 2022-லிருந்து கருக்கலைப்பு ஏறக்குறைய முழுக்கவே தடை. தாயின் உயிருக்கே ஆபத்து, அல்லது உடம்பின் முக்கியமான செயல்பாடு ஒன்று கெட்டுப்போகும் என்ற நிலை வந்தால்தான் விலக்கு. குழந்தை பிழைக்காது என்பது விலக்கில் சேராது. மீறினால் அந்தப் பெண்ணுக்குத் தண்டனை இல்லை, டாக்டருக்கு உண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம். லைசென்ஸும் போய்விடும். இத்தனையும் தலைக்கு மேல் தொங்கும்போது எந்த டாக்டர் வாயைத் திறப்பார்?

"அங்கே ரெண்டு கட்சி எப்பவும் இதுக்கு அடிச்சிண்டே இருக்குமே, டி.வி.ல பாத்திருக்கேன்" என்றார் மாமி.

எப்பவும் இல்லை! நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குடியரசுக் கட்சி என்றால் எதிர்ப்பு, ஜனநாயகக் கட்சி என்றால் ஆதரவு என்று நாம் பார்க்கிற கோடு போன தலைமுறையில் போட்டது. அதற்கு முன்னால் கதையே வேறு.

டாக்டர்கள் போட்ட தடை

இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் தங்கள் ஊர் வழக்கச் சட்டத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள். அதன்படி, வயிற்றில் குழந்தை அசைவது தாய்க்குத் தெரிவதற்கு முன்னால் கருவைக் கலைப்பது குற்றமில்லை. அசைவு எப்போது தெரியும்? நாலு, அஞ்சு மாதத்தில். ஸ்கேனோ, யூரின் டெஸ்ட்டோ இல்லாத காலம். அசைவு தெரிந்ததா என்பதைத் தாய்தானே சொல்ல வேண்டும்? 1821-ல் கனெக்டிகட் மாநிலம் போட்ட முதல் சட்டம்கூட, அசைவு தெரிந்த பிறகு விஷ மருந்து கொடுப்பதைத்தான் தடுத்தது.

முழுத்தடை கேட்டுக் கிளம்பியவர்கள் யார் தெரியுமா? பாதிரியார்கள் இல்லை. டாக்டர்கள்! 1857-ல் ஹொரேஷியோ ஸ்டோரர் என்ற பாஸ்டன் டாக்டர் பிரசாரத்தைத் தொடங்கினார். 1859-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் கருக்கலைப்பைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அசைவுக்கு முன்னாலும் அது உயிர்தான் என்பது அவர்கள் வாதம். அதை மனசார நம்பியவர்கள் இருந்தார்கள். கூடவே, மருத்துவச்சிகளையும் நாட்டு மருந்து விற்பவர்களையும் தொழிலை விட்டு ஓட்ட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. குடியேறி வந்த கத்தோலிக்கர்கள் நிறையப் பெற்றுக்கொள்கிறார்கள், நம்மவர்கள் பெற்றுக்கொள்வதில்லையே என்ற கவலையும் இருந்தது. எல்லாம் கலந்த கஷாயம்! அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் தடைச் சட்டம் வந்துவிட்டது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் செய்யலாம். அதையும் டாக்டர்தான் முடிவு செய்வார்.

தடை வந்ததால் கருக்கலைப்பு நின்றதா? பணம் இருந்தவர்கள் தெரிந்த டாக்டரிடம் போனார்கள். இல்லாதவர்கள் சந்து வீடுகளுக்குப் போனார்கள். 1930-ல் மட்டும், கருக்கலைப்பால் இறந்ததாகக் கணக்கில் வந்த பெண்கள் சுமார் 2,700 பேர். பென்சிலின் மாதிரி மருந்துகள் வந்த பிறகு எண்ணிக்கை இறங்கியது. 1965-ல் சுமார் 200. கணக்கில் வராதது எத்தனையோ.

ஒரு மாத்திரை, ஒரு காய்ச்சல்

மூடிக்கிடந்த இந்த விஷயத்தை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு டி.வி. டீச்சர். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் 'ரோம்ப்பர் ரூம்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஷெர்ரி ஃபின்க்பைன். நாலு குழந்தைகளுக்குத் தாய். 1962-ல் ஐந்தாவதாகக் கர்ப்பம். கணவர் வெளிநாடு போனபோது வாங்கிவந்த அமைதி மாத்திரைகளை விவரம் தெரியாமல் விழுங்கிவிட்டார். அது தாலிடோமைட்! ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை, கால் இல்லாமல் பிறக்கக் காரணமாக இருந்த அதே மருந்து. (அமெரிக்காவில் அது விற்பனைக்கே வராமல் தடுத்து நிறுத்தியவர் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் டாக்டர். கம்பெனி எவ்வளவோ நெருக்கியும் 'ஆதாரம் போதாது' என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.)

டாக்டரே கருக்கலைப்புக்குச் சிபாரிசு செய்தார். ஆஸ்பத்திரியில் நாளும் குறித்தாகிவிட்டது. அதோடு ஷெர்ரி சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 'இந்த மாத்திரையை வேறு யாரும் சாப்பிட்டுவிடக்கூடாதே' என்று ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னார். செய்தி வந்தது. ஆஸ்பத்திரி பயந்து பின்வாங்கியது. பெயரும் வெளியே வந்தது. மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. டி.வி. வேலை போயிற்று. கடைசியில் விமானம் ஏறி ஸ்வீடன் போய்ச் செய்துகொண்டார். அந்தக் கருவுக்குக் கால்கள் இல்லை, ஒரே ஒரு கைதான் இருந்தது என்று அங்கே டாக்டர்கள் சொன்னார்கள்.

நாடே இதைத் தன் வீட்டுக் கதை மாதிரி பார்த்தது. காரணம், ஷெர்ரி பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருந்தார். கல்யாணமாகி, பிள்ளை குட்டியோடு, ஆசைப்பட்டுக் கர்ப்பமானவர். 'கெட்டுப்போனவர்கள் போகிற இடம்' என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்து 1964, 65-ல் ரூபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மை. அப்போது தடுப்பூசி வரவில்லை. ஒண்ணேகால் கோடிப் பேருக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கு வந்தால் குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கும். அப்படி 20,000 குழந்தைகள் பிறந்தன. நூறு வருஷம் முன்னால் தடை கேட்ட அதே டாக்டர் வர்க்கம் இப்போது, 'சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்' என்று கேட்டது!

கட்சி தெரியாமல் கலந்திருந்த காலம்

இங்கேதான் கவனமாகப் படியுங்கள். 1967-ல் முதலில் சட்டத்தைத் தளர்த்திய மாநிலம் கொலராடோ. மசோதா கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சி. கையெழுத்திட்ட கவர்னர் குடியரசுக் கட்சி. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் தளர்த்திக் கையெழுத்துப் போட்ட கவர்னர் யார்? ரொனால்டு ரீகன்! பிற்பாடு எதிர்ப்பாளர்களின் நாயகனாக ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். நியூயார்க்கில் 1970-ல் 24 வாரம் வரை அனுமதித்துக் கையெழுத்திட்ட ராக்கஃபெல்லரும் குடியரசுக் கட்சிதான்.

நியூயார்க் ஓட்டெடுப்பே ஒரு சினிமா. சட்டசபையில் ஒரு ஓட்டு குறைந்து மசோதா தோற்கிற கட்டம். ஜார்ஜ் மைக்கேல்ஸ் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எழுந்தார். அவர் தொகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகம்; அதனால் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். அவருடைய மகன்களோ, 'உங்கள் ஒரு ஓட்டால் இது தோற்கக்கூடாதப்பா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கை நடுங்க, கண் கலங்க, என் அரசியல் வாழ்க்கை இதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு ஓட்டை மாற்றினார். நிஜமாகவே முடிந்தது. அடுத்து அவருக்குக் கட்சி டிக்கெட்டே கிடைக்கவில்லை.

மதத் தலைவர்கள்? கத்தோலிக்க சபை ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு. அதில் மாற்றமே இல்லை. ஆனால் 1967-ல் நியூயார்க்கில் 21 பாதிரியார்களும் யூத குருமார்களும் சேர்ந்து, கஷ்டத்தில் இருக்கும் பெண்களுக்கு நல்ல டாக்டரைக் காட்டிவிட ஒரு அமைப்பே ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கடுமையாக எதிர்க்கும் சௌதர்ன் பாப்டிஸ்ட் சபை, 1971-ல், பலாத்காரம், குழந்தைக்குக் கடுமையான கோளாறு, தாயின் உடல் மன நலம் ஆகிய காரணங்களுக்கு அனுமதிக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானமே போட்டது. எதிர்த்தரப்பிலும் அப்படித்தான். கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர்கள். டெட் கென்னடி 1971-ல் கருக்கலைப்பை எதிர்த்துக் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழைக்கு இரங்குவது போல் பிறக்காத சிசுவுக்கும் இரங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அதை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது.

1972-ல் காலப் நிறுவனம் கருத்துக் கணிப்பு எடுத்தது. 'இது பெண்ணும் டாக்டரும் முடிவு செய்ய வேண்டிய விஷயம்' என்று சொன்னவர்கள், குடியரசுக் கட்சியில் நூற்றுக்கு 68, ஜனநாயகக் கட்சியில் 59. இன்றைக்கு நாம் நினைப்பதற்கு நேர்த் தலைகீழ்!

1973 ஜனவரி 22-ல் சுப்ரீம் கோர்ட்டின் 'ரோ' தீர்ப்பு. டெக்ஸாஸ் பெண் ஒருத்தி போட்ட வழக்கு. முதல் மூன்று மாதம் முடிவு பெண்ணும் டாக்டரும் கையில், அடுத்த மூன்று மாதம் தாயின் நலத்துக்காக அரசு விதிமுறை வைக்கலாம், குழந்தை வெளியே பிழைக்கும் கட்டம் வந்தபிறகு தடையே போடலாம் என்றது கோர்ட். எழுதிய நீதிபதி பிளாக்மன், முன்பு மேயோ கிளினிக்கின் வக்கீலாக இருந்தவர். கோடை விடுமுறையில் அங்கே மருத்துவ லைப்ரரியில் உட்கார்ந்து படித்துவிட்டு எழுதினார். அதனால்தான் தீர்ப்பில் பெண்ணைவிட டாக்டர்தான் அதிகம் பேசப்படுகிறார் என்று பெண்ணியவாதிகளே பிற்பாடு குறை சொன்னார்கள். ஏழுக்கு இரண்டு. ஆதரித்த ஏழு பேரில் ஐந்து பேர் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகள் நியமித்தவர்கள். எதிர்த்த இரண்டு பேரில் ஒருவர் கென்னடி நியமித்தவர்.

கோடு எப்படி விழுந்தது?

ஒரே நாளில் விழவில்லை. 1976-ல் ஏழைகளின் அரசு மருத்துவத் திட்டப் பணத்தை இதற்குச் செலவழிக்கக்கூடாது என்று ஹைட் திருத்தம் வந்தபோது, இரண்டு கட்சியிலும் ஆதரவு இருந்தது. ஆனால் கட்சிக் கணக்கர்கள் கூட்டல் கழித்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்குப் போட்டுவந்த கத்தோலிக்க ஓட்டை இந்தப் பக்கம் இழுக்க இது ஒரு கயிறு என்று நிக்ஸன் காலத்திலேயே கண்டுகொண்டிருந்தார்கள். 1978-ல் அயோவாவில் டிக் கிளார்க் என்ற செனட்டர் எதிர்பாராமல் தோற்றார். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் நின்ற கார்களில் எல்லாம் நோட்டீஸ் வைத்திருந்தார்கள், கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள். 'அட, இதில் இவ்வளவு ஓட்டா!' என்று இரண்டு கட்சியும் நிமிர்ந்து உட்கார்ந்தன.

1979-ல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் 'மாரல் மெஜாரிட்டி' ஆரம்பித்தார். 1980-ல் சௌதர்ன் பாப்டிஸ்ட் சபை பழைய நிலையைக் கைவிட்டு, அரசியல் சட்டத் திருத்தமே வேண்டும் என்றது. ரீகன், கலிஃபோர்னியாவில் போட்ட கையெழுத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு மேடை ஏறினார். குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்துவந்த ஜார்ஜ் புஷ் (அப்பா) துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆனதும் மாறினார். அந்தப் பக்கம் மட்டும் என்ன? எழுபதுகளில் எதிர்த்து எழுதிய ஜெஸ்ஸி ஜாக்ஸன், 1984-ல் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கும்போது ஆதரவாளர். மனசு மாறுவது மனித இயல்புதான். ஆனால் இத்தனை பேருக்கும் அவரவர் கட்சிக்குத் தோதான திசையிலேயே மனசு மாறியதுதான் எனக்கு ஆச்சரியம்!

இந்தக் கும்பலில் ஒரே ஒருவரை நினைத்தால் எனக்கு மரியாதை வரும். எவரெட் கூப். குழந்தைகள் அறுவை மருத்துவர், தாடிக்காரர், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். அதற்காகவே ரீகன் அவரை நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஆக்கினார். 1987-ல், 'கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களுக்கு உடம்பும் மனசும் எப்படிக் கெடுகிறது என்று ஒரு அறிக்கை கொடுங்கள்' என்றார் ரீகன். கூப் இருக்கிற ஆராய்ச்சிகளை எல்லாம் வாங்கிப் படித்தார். 1989 ஜனவரியில் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்: கெடுதல் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆராய்ச்சிகள் அவ்வளவு உறுதியாக இல்லை. சொந்தக் கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவர் அசையவில்லை.

அதற்கப்புறம் வந்தது துப்பாக்கி. 1993-ல் ஃபுளோரிடாவில் ஒரு டாக்டரைக் கிளினிக் வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2009-ல் கன்சாஸில் ஜார்ஜ் டில்லர் என்ற டாக்டர் ஞாயிறு ஆராதனையில் சர்ச்சுக்குள்ளேயே சுடப்பட்டார். எதிர்ப்பியக்கத்தில் பெரும்பாலோர் இதைக் கண்டித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2021-ல் கருக்கலைப்பு உரிமை மசோதா ஒன்று கீழ்ச்சபைக்கு வந்தது. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். 2022 ஜூன் 24-ல் சுப்ரீம் கோர்ட் 'ரோ' தீர்ப்பை ரத்து செய்தது. ரத்து செய்த ஐந்து பேரும் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகள் நியமித்தவர்கள். 1973 கணக்கை மறுபடி ஒருதடவை பாருங்கள்.

நம் நாட்டில்?

மாமியும் இதைத்தான் கேட்டார். இங்கே 1860-லிருந்து ஆங்கிலேயன் போட்ட தண்டனைச் சட்டம் இருந்தது. சாந்திலால் ஷா கமிட்டி 1966-ல் அறிக்கை கொடுத்தது. 1971-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டது. 'ரோ'வுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே! குடும்பக் கட்டுப்பாடு, தாய்மார் சாவு என்ற கணக்கில் வந்ததால் கட்சிச் சண்டை ஆகவில்லை. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும்; பலாத்காரம் போன்ற குறிப்பிட்ட நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்; கடுமையான கோளாறு என்றால் அதற்கு மேலும் மருத்துவக் குழு முடிவு செய்யலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் நம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் அசிங்கம் வேறு: ஆணா பெண்ணா பார்த்துக் கலைப்பது. அதற்காகவே 1994-ல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

அமெரிக்க மக்கள் எல்லோரும் இரண்டு ஓரத்திலும் போய் நிற்கிறார்களா? இல்லை. 1975-லிருந்து காலப் கேட்டுவரும் கேள்விக்குச் சுமார் பாதிப் பேர் தரும் பதில், 'சில சூழ்நிலைகளில் மட்டும் அனுமதிக்கலாம்'. 2024-ல் நம் துளசேந்திரபுரத்து வேர் உள்ள கமலா ஹாரிஸ், பதவியிலிருக்கும் துணை ஜனாதிபதியாகக் கருக்கலைப்பு கிளினிக் ஒன்றுக்கே நேரில் போனார். தேர்தலில் தோற்றார். ஆனால் அதே நாளில் பத்து மாநிலங்களில் இது தனி ஓட்டுக்கு வந்தது. ஏழில் உரிமைப் பக்கம் ஜெயித்தது. ட்ரம்ப்புக்கு ஓட்டளித்த அரிசோனாவும் அதில் ஒன்று. ஆமாம், ஷெர்ரியைத் துரத்திய அரிசோனாதான்.

உங்கள் மகளோ மருமகளோ அங்கே இருந்து, குழந்தைக்குத் திட்டமிட்டால், முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்: 'இந்த மாநிலத்தில், நடுவில் கர்ப்பத்துக்குச் சிக்கல் வந்தால் எந்தக் கட்டம் வரை நீங்கள் கை வைக்க முடியும்? முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?' சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. தாயின் உயிர் போகும் தறுவாய் வரை டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை என்று டெக்ஸாஸே 2025-ல் விளக்கம் சேர்த்தது. ஆனால் குழந்தையின் கோளாறுக்கு அப்போதும் விலக்கு வரவில்லை. ரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குடம் முன்கூட்டி உடைவது, இதில் எது வந்தாலும் சட்டம் யோசிக்காமல் எமர்ஜென்சிக்கு ஓடச் சொல்லுங்கள்.

மாமியின் மருமகன் ஆபீசுக்கு நாலு நாள் லீவு போட்டார். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் தடை இல்லை. டல்லாஸிலிருந்து அங்கே ஆல்புகர்க்கி நகரத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர். காரிலேயே போனார்கள். அங்கே டாக்டரம்மா முதல் காரியமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினாராம்.

"அது போதும்னு இருந்ததும்மா" என்றாளாம் மகள் போனில்.